தபால் வழியில் பிஎச்.டி.: 43 வயதில் இறங்கலாமா?

தேரிக்காடு:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். வயது 43. 2008-இல் அஞ்சல் வழியில் எம்.ஃபில். முடித்தேன். அப்போது எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப்பேர் அப்படித்தான் முடித்தார்கள். பிஎச்.டி.யையும் அதே மாதிரி வீட்டிலிருந்தபடி செய்ய முடியுமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மகள் பிளஸ் ஒன், மாமியாருக்கு நடமாட்டம் குறைவு, வேலையை விட வழியே இல்லை.

எடுத்துக்கொள்ள நினைப்பது, 19-ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் மிஷனரிகள் நடத்திய பெண்கள் பள்ளிகள். பள்ளி நடத்தியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கே படித்த பெண்களைப் பற்றி என் கண்ணில் பட்டது சொற்பம். எங்கள் பாட்டியின் அம்மா அப்படியொரு போர்டிங்கில் இருந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

போன வாரம் ஒரு ஏஜென்சியிலிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாம், முழுக்க ஆன்லைனாம், 2 வருடத்தில் பட்டமாம், மூன்று தவணையில் பணம் கட்டலாமாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் பெயரைச் சொல்லி, "யுஜிசி அங்கீகாரம் உண்டு மேடம்" என்று போனிலும் சொன்னார்கள். வீட்டுக்காரர் "கட்டிவிடலாமே" என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லாக்காசு:

கட்டாதீர்கள் டீச்சர். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இணையவழிக் கல்வி நடத்தும் எட்டெக் கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.யை நம்பி ஏமாறாதீர்கள், அதற்கு யுஜிசி அங்கீகாரம் கிடையாது என்று 2022 அக்டோபரில் யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் சேர்ந்து பொது அறிவிப்பே வெளியிட்டன. போனில் பேசியவரிடம் அந்த அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள். அதோடு போன் வருவது நின்றுவிடும்.

நூலகத்து எலி:

பல்கலைக்கழக அலுவலகக் காகிதங்களோடு புழங்குகிறவன் என்பதால் விதியை மட்டும் சொல்கிறேன்.

டீச்சர் எம்.ஃபில். முடித்த 2008 வேறு காலம். 2009 ஜூலையில் வந்த யுஜிசி விதிமுறை தொலைநிலை வழி எம்.ஃபில்., பிஎச்.டி. இரண்டையும் நிறுத்தியது. இப்போது நடப்பில் இருப்பது 2022 நவம்பரில் அரசிதழில் வந்த விதிமுறை. அதில் எம்.ஃபில். படிப்பையே எடுத்துவிட்டார்கள். பிஎச்.டி.யைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று தனி வரியே இருக்கிறது. ஆகவே இந்தியாவில் "தபால் வழி முனைவர் பட்டம்" என்று யார் விற்றாலும் அது வேலைக்கு ஆகாது.

ஆனால் அதே விதிமுறையில்தான் டீச்சருக்கு வேண்டிய வழியும் இருக்கிறது. பகுதிநேர பிஎச்.டி.க்குத் தெளிவாக அனுமதி உண்டு. பகுதிநேரம் என்றால் சலுகை விலைப் பட்டம் இல்லை, முழுநேர ஆய்வாளருக்கு உள்ள எல்லா நிபந்தனையும் உண்டு. எம்.ஏ.வில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்டோருக்கு 5 சதவீதம் தளர்வு). நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. 2024 ஜூனிலிருந்து நெட் எழுதுகிறவர்களில் "பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்" என்று ஒரு தகுதிப் பிரிவும் வந்துவிட்டது. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்குப் போடுவார்கள். சேர்ந்தபின் 12 முதல் 16 கிரெடிட் வரை கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வுக்கான பாட வகுப்புகள். செமஸ்டருக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும்.

காலக்கெடு: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தருகிறார்கள், மொத்தம் 10. வீட்டில் முதியவரும் பிளஸ் ஒன் பிள்ளையும் இருக்கிறவருக்கு இது பெரிய விஷயம். ஏஜென்சிக்காரரின் "2 வருடம்" இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

மூன்றாம் பெஞ்ச்:

எல்லாரும் எப்படிச் சேர்வது என்றே பேசுகிறீர்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

நான் கௌரவ விரிவுரையாளர். பிஎச்.டி. இருக்கிறது, நெட் இருக்கிறது, நிரந்தர வேலை இல்லை. பட்டம் வாங்கினால் கல்லூரிக்குப் போய்விடலாம் என்று டீச்சர் நினைத்தால், உதவிப் பேராசிரியர் பதவிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட், மாநில அளவில் நடக்கும் செட்தான் என்று 2023-இல் யுஜிசியே சொல்லிவிட்டது. பல்கலைக்கழகத் துறைகளில் பிஎச்.டி. கட்டாயம் என்று முன்பு போட்ட விதியைக் கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். ஆட்கள் எடுக்கும் லட்சணம் உங்களுக்கே தெரியும். 43-இல் சேர்ந்து 50-இல் முடித்து வரிசையில் எங்கே நிற்கப் போகிறீர்கள்?

சம்பளத்துக்காக என்றால் அதுவும் இல்லை. உயர்கல்வித் தகுதிக்கு முன்பு கொடுத்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்தியது. அப்புறம் ஒருமுறை தரும் தொகையாக மாற்றினார்கள். ஆறேழு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைப்பதற்கு அது ஈடாகாது. பகுதிநேரத்துக்கு உதவித்தொகையும் கிடையாது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கும் முழுநேரப் பையனுக்கு 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய். நீங்கள் கைக்காசு போடப் போகிறவர்.

மனசு நோக எழுதவில்லை. கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தேரிக்காடு:

மூன்றாம் பெஞ்ச் சார், நோகவில்லை. கேட்டது நல்லதாயிற்று. கல்லூரிக்குப் போகும் ஆசை எனக்கு இல்லை, பள்ளியிலேயே ஓய்வு பெறுவேன். சம்பளக் கணக்கும் ஸ்டாஃப் ரூமில் பேசி முடித்ததுதான்.

எனக்கு வேண்டியது, இந்த விஷயத்தை யாராவது கேள்வி கேட்டுத் திருத்தித் தர ஆள். தனியாக வாசித்துக்கொண்டே போகிறேன். நோட்டு நோட்டாகக் குறிப்பு சேருகிறது, ஒன்றோடொன்று ஒட்டமாட்டேன் என்கிறது. பெயருக்கு முன்னால் "முனைவர்" வேண்டாம் என்று சொன்னால் அது பொய், கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் முதல் காரணம் அதில்லை.

கரிசல்குருவி:

டீச்சர், நான் பகுதிநேரத்தில் தமிழ் இலக்கியத்தில் முடித்தவள். உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். விதியை எலி சார் சொல்லிவிட்டார். விதியில் இல்லாததை நான் சொல்கிறேன்.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர்தான் பிஎச்.டி. பல்கலைக்கழகத்தின் பெயர், தரவரிசை, கட்டடம் எல்லாம் அதற்கு அப்புறம். பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் 8 பேரை, இணைப் பேராசிரியர் 6 பேரை, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஓய்வு பெற 3 ஆண்டுக்குள் இருக்கிறவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. அதனால் நமக்குப் பிடித்த பெரிய பெயர்களிடம் பெரும்பாலும் இடம் இருக்காது. இடம் இருப்பவர் உங்கள் துறையில் எதையாவது படித்தவரா என்பதைப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. சோத்கங்காவில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் அது, யாரும் இலவசமாக வாசிக்கலாம். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை இறக்கி, முன்னுரையையும் கடைசி இயலையும் மட்டும் படியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே முன்னுரை, தலைப்பில் மட்டும் ஊர்ப்பெயர் மாறியிருந்தால், அந்த வாசலில் நிற்காதீர்கள்.

அடுத்தது, அவரிடம் முடித்த இரண்டு பேரிடமாவது, முக்கியமாகப் பெண்களிடம், தனியாகப் பேசுங்கள். இயல் கொடுத்தால் எத்தனை மாதத்தில் திருப்பித் தருவார், திருத்துவாரா அல்லது கையெழுத்து மட்டும் போடுவாரா, வீட்டு வேலை வாங்குவாரா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நெறியாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி விசாரித்தாள். ஆய்வேடு சமர்ப்பித்தபின் வாய்மொழித் தேர்வு அன்றைக்குச் சாப்பாடு, சால்வை, கார் வாடகை என்று ஒரு பட்டியல் வரும். எந்த விதிமுறையிலும் இல்லாத செலவு அது, எல்லாரும் செய்வதால் நாமும் செய்கிறோம். நல்ல நெறியாளர்கள் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் பேர் இருக்கிறார்கள், என் நெறியாளர் அப்படித்தான்.

செல்லாக்காசு:

சால்வைச் செலவைக் கேட்டதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஏரியா போஸ்டர்களில் போன வருடம் வரை வெறும் பெயரோடு இருந்த ஒருவர் இப்போது "டாக்டர்". ஏதோ ஹோட்டல் ஹாலில் கவுனும் குல்லாவும் மாட்டிக் கொடுத்தார்களாம். கோர்ஸ் வொர்க் கிடையாது, பந்தி விசாரிப்பு கிடையாது. நாம்தான் பிழைக்கத் தெரியாதவர்கள்.

லண்டன் பனைமரம்:

இங்கே இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணம். "தொலைநிலை" என்றாலே ஏமாற்று என்ற மாதிரி இந்தக் கதை போவதால் ஒரு திருத்தம். இந்தியாவில் சட்டம் அப்படி, சரி. வேறு நாடுகளில் அது பழைய, மரியாதையான வழி. தென்னாப்பிரிக்காவின் யூனிசா 1946-இல் இருந்தே அஞ்சல் வழியில் நடக்கிற பல்கலைக்கழகம், அங்கே முனைவர் பட்டமும் அப்படித்தான் செய்யலாம். இங்கே பர்மிங்காம் பல்கலைக்கழகம் கலைப்புலத் துறைகள் பலவற்றில் தொலைநிலையில் ஆய்வு மாணவர்களை எடுக்கிறது. பகுதிநேரம் என்றால் 6 வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழில் வித்தியாசம் இராது.

ஆனால் டீச்சருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கட்டணம் லட்சக்கணக்கில் போகும். அதோடு அந்தப் பட்டம் இந்தியாவில் எதற்காவது வேண்டுமென்றால், காசு கட்டுவதற்கு முதல், இந்தியப் பட்டத்துக்கு இணை என்ற சமானச் சான்று கிடைக்குமா என்று உரிய இடத்தில் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாய்ச்சொல் உதவாது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். டீச்சரின் தலைப்புக்கு மூலங்கள் எங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி நூலகத்தில் இருக்கின்றன. அந்தச் சங்கத்து மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு எழுதிய கடிதங்களைப் பார்க்க அங்கேதான் போக வேணும். இடையன்குடி, நாசரேத், சாயர்புரம் எல்லாம் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு சங்கம், அந்தப் பெட்டிகள் ஆக்ஸ்ஃபோர்டில். நாகர்கோவில் பக்கம் லேஸ் பின்னல் பள்ளி நடத்திய மால்ட் குடும்பத்தார் எல்.எம்.எஸ். என்ற லண்டன் மிஷனரி சங்கம், அவர்கள் ஆவணம் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில். இதில் ஒரு பகுதிதான் மைக்ரோபிலிமாகவோ இணையத்திலோ கிடைக்கும், அதுவும் சந்தா கட்டிய நூலகங்களுக்கு.

இணையத்தை முழுக்க நம்பவும் ஏலாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தில் சைபர் தாக்குதல் நடந்தபோது மாதக்கணக்கில் பட்டியலைக்கூடப் பார்க்க முடியாமல் இருந்தோம். பக்கத்துத் தெருவில் இருந்த எனக்கே கை கட்டிப் போட்ட மாதிரி. தேரிக்காட்டில் இருந்து என்ன செய்வீர்கள்? உங்கள் கேள்வியை, நீங்கள் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் உள்ள காகிதங்களை வைத்துப் பதில் சொல்லக்கூடியதாக மாற்றுங்கள். பிறகு பட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பழையஏடு:

பனைமரம் ஐயா சொன்னதுதான் சாரம். ஆனால் அங்கிருந்து இன்னும் ஓரடி போனால், பட்டம் எதற்கு என்ற இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

மயிலை சீனி. வேங்கடசாமி சென்னையில் பள்ளி ஆசிரியர். கிறித்தவம் தமிழுக்குச் செய்ததைப் பற்றி 1936-இல் தனி நூலே எழுதினார். நெறியாளர் யார், கோர்ஸ் வொர்க் எங்கே? ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவரது பெருநூல் 2003-இல் ஹார்வர்டு வரிசையில் வந்தது. அதைத் தொடாமல் இன்று யாரும் அந்தத் துறையில் ஒரு வரி எழுத முடியாது. டீச்சருக்கு ஆள் வேண்டும், பட்டம் இரண்டாம் பட்சம் என்று அவரே எழுதியிருக்கிறார். நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை வாசித்தால் போதாதா? கட்டுரையாக எழுதுங்கள், இதழ்களுக்கு அனுப்புங்கள். சோத்கங்காவில் ஒரு பிடிஎஃப் ஆகப் படுத்துக் கிடப்பதைவிட நாலு பேர் படிப்பார்கள்.

கரிசல்குருவி:

பழையஏடு ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, இதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. மகாதேவன் ஐ.ஏ.எஸ். என்று நீங்களே சொன்னீர்கள். அவர் ஓர் அலுவலகத்துக்குள் போய் "இந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும்" என்றால் நாற்காலி போடுவார்கள். உதவி பெறும் பள்ளி டீச்சர், அதுவும் பெண், திருச்சபை வட்டாரமான சேகரம் ஒன்றின் குருவானவரிடம் போய்ப் பழைய பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால் முதல் கேள்வி "எதுக்கும்மா?" என்றுதான் வரும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்காரவும் நெறியாளரின் கடிதம் இருந்தால் வேலை சுலபம். பட்டத்தை விடுங்கள், பதிவு எண்ணே பாதிக் கதவைத் திறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் "கொஞ்சம் எழுத வேண்டும்" என்றால் யாரும் விடமாட்டார்கள். "யுனிவர்சிட்டியில் கமிட்டி மீட்டிங் இருக்கிறது" என்றால் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வருவார். ஆண்களுக்கு இது புரிய நேரமாகும்.

மூன்றாம் பெஞ்ச்:

கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. நான் எழுதிய கணக்கில் அது வரவில்லை, வந்திருக்க வேண்டியதுதான்.

நூலகத்து எலி:

பஸ் தூரத்துக் காகிதம் என்று பனைமரம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு யோசனை. இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் 1872-இல் வந்தது. திருமணப் பதிவேட்டில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டோ கீறலோ வைப்பார். இங்கிலாந்தில் 1754-இலிருந்து இருக்கும் இதே மாதிரிப் பதிவேடுகளை எண்ணித்தான் அங்கே பெண்களின் எழுத்தறிவு எப்படி ஏறியது என்று வரலாற்றாசிரியர்கள் கணித்தார்கள். மிஷன் பள்ளி இருந்த சேகரம் ஒன்று, இல்லாத சேகரம் ஒன்று, இரண்டிலும் மணமகள் கையெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் உங்கள் முதல் கேள்விக்கே ஒரு பதில் கிடைக்கும். ரேனியஸ் பர்மிங்காமில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதில் குறையும் உண்டு. பெயர் எழுத மட்டும் கற்றவரும் உண்டு, வாசிக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாதவரும் உண்டு. அந்தக் குறையைப் பேசுவதற்கே ஓர் இயல் வேண்டும். பதிவேடுகள் என்ன நிலையில் இருக்கின்றன, பார்க்க விடுவார்களா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். விண்ணப்பிப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜில் திருச்சபை ஆவணங்களுக்குத் தனிக் காப்பகம் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஒரு நடை போய் வரலாம்.

அப்புறம், ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று பதிவு ஆனதும் ஆட்கள் போன் செய்வார்கள். 2018 யுஜிசி விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுதச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. டீச்சர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று தெரியும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதினேன்.

லண்டன் பனைமரம்:

எலி, கையெழுத்து யோசனை அருமை. டீச்சர், சி.எம்.எஸ். பக்கம் ஏதாவது ஒரு கடிதம், ஒரு அறிக்கை பார்க்க வேண்டி வந்தால் எழுதுங்கள். நூலகத்தார் படமெடுக்க விடுவார்கள், நான் போகிற நேரம் பார்க்கிறேன். முழுத் தொகுப்பையும் கேட்டு விடாதீர்கள்.

தேரிக்காடு:

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்சிக்காரரிடம் கடிதத்தின் நகல் கேட்டேன். செல்லாக்காசு அண்ணன் சொன்ன மாதிரிதான், அதற்குப் பிறகு போனே இல்லை. வீட்டுக்காரருக்கு 2022 அறிவிப்பைக் காட்டினேன், அவரும் விட்டுவிட்டார்.

எங்கள் சேகரத்தில் கேட்டதில், பழைய பதிவேடுகள் பீரோவில் இருக்கின்றன, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்க்கலாம் என்றார் குருவானவர். எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நெறியாளர் தேடப் போகிறேன். சோத்கங்காவில் உட்கார்ந்து இரண்டு பேரை ஏற்கனவே கழித்துவிட்டேன், கரிசல்குருவி அக்கா சொன்ன அதே ஊர்ப்பெயர் மாற்றம்தான். இந்த வருட நுழைவுத் தேர்வுக்கு அவசரப்படவில்லை. அடுத்த வருடம் மகள் பிளஸ் டூ, அதையும் தாண்டி விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பள்ளியில் வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று. எங்கள் தாளாளர் "பிஎச்.டி." என்ற வார்த்தையைக் கேட்டாலே, இந்த அம்மா லீவ் கேட்கப் போகிறது என்று நினைப்பார். எப்படிக் கேட்பது?

நூலகத்து எலி:

விதிமுறை கேட்பது மூன்று விஷயம்தான். பகுதிநேரமாகப் படிக்க உங்களுக்கு அனுமதி உண்டு, உங்கள் வேலை ஆய்வுக்குப் போதிய நேரம் தரும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்பார்கள். தாளாளர் பயப்படுவது மூன்றாவதற்குத்தான். அதனால் முதலில் நெறியாளரிடம் பேசி, அந்த ஆய்வு மையம் கோர்ஸ் வொர்க்கை எப்போது நடத்துகிறது, சனி ஞாயிறிலா, விடுமுறையிலா, எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதிகளோடு கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். கல்வித் துறையின் முன் அனுமதிக்கும் அதே நகலை இணைத்துவிடலாம். பொதுத்தேர்வு வேலை முடிந்த பிறகு, ஏப்ரல் கடைசியில் போய்க் கேளுங்கள். பிப்ரவரி, மார்ச் வேண்டவே வேண்டாம்.